வட்டப் படத்தின் ஓரம்

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை அம்மா. எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எதையும் வரிசையாகச் சொல்ல வராது எனக்கு. நடுவில் ஆரம்பிப்பேன், முன்னால் போவேன், முக்கியமானதை விட்டுவிட்டுச் சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர், "நீ சொல்றதைக் கேக்கறவன்தான் எடுத்து அடுக்கி வெச்சுக்கணும்" என்பார். தப்பாகச் சொல்லிவிட்டால் நீ என்னைப் பொல்லாதவள் என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாய். அதுதான் பயம்.

இந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "கண் ஆபரேஷனாம்மா?" என்று கேட்டாய். எல்லோரிடமும் ஆமாம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். கண்டக்டர்கூடப் பாவம், ஒருத்தரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். உன்னிடம் மட்டும் இல்லை என்று வாயில் வந்துவிட்டது. நீ தாத்தையங்கார்பேட்டையில் இறங்கிவிடுவாய். நான் நாமக்கல் போகிறேன். இனி எங்கே பார்த்துக்கொள்ளப்போகிறோம், சொல்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை. இந்தப் பஸ் இந்த ஆட்டம் ஆடும்போதே ஊசியில் நூல் கோர்ப்பேன்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. போட்டோ என்றால் நீ நினைக்கிற மாதிரிச் சதுரமான போட்டோ இல்லை. வட்டம். ஆப்பம் மாதிரி வட்டம்.

அதற்கு முன்னால் எங்கள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தைச் சொல்ல வேண்டும். பார்த்தாயா, விட்டுவிட்டேன். எனக்கு ஒரே அண்ணன், ஏகாம்பரம் என்று பேர். நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அந்த வீடுதான். தீபாவளிக்குச் சேலையோ, சண்டை போட்டுக்கொண்டு போய் உட்கார ஒரு நாற்காலியோ, எல்லாம் அங்கேதான். புது வீட்டில் எல்லோரையும் நிறுத்தி ஒரு குரூப் போட்டோ எடுத்தார்கள். நான் கடைசி ஆளாக ஓரத்தில் நின்றேன். படம் வந்தது. நடுவில் நிற்கிறவர்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறார்கள். நான் மட்டும் கதவு அகலத்துக்கு இருக்கிறேன்.

அண்ணி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "ஏங்க, அந்தப் பக்கம் வாசக்கால் வெச்சிருக்க வேண்டாம்போல. நம்ம பாக்கியமே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோக்காரர் ஜெயசீலன் நல்ல மனிதர், "அக்கா, இது உங்க தப்பு இல்ல, வைடு லென்ஸ். பின்னால போக இடமில்ல, சுவரு இடிக்குது. அத்தனை பேரையும் அடக்கணும்னா இதைத்தான் போடணும். ஓரத்துல நிக்கிறவங்களை இழுத்துக் காட்டும்" என்றார்.

இதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். லென்ஸ் இழுத்துக் காட்டும். நான் சொல்லவில்லை, எடுத்தவரே சொன்னது.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் சங்கவி, இளையவள் இனியா. எனக்கு ஒரே பையன், தினகரன். ஓசூரில் கம்பெனி வேலை. சங்கவி தொட்டிலில் கிடக்கும்போதே என் அம்மா, "இவ தினகரனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அதை மறக்கவில்லை. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். ஒரு நாள் அண்ணன் போன் பண்ணி, "பாக்கியம், சங்கவிக்கு ஒரு இடம் வந்திருக்கு. கோயமுத்தூர். பையன் கம்ப்யூட்டர். அவளுக்கும் பிடிச்சிருக்கு" என்றார். என்னிடம் கேட்கவில்லை. சொன்னார். கேட்பது வேறு, சொல்வது வேறு இல்லையா?

"ரொம்ப சந்தோஷம் அண்ணா" என்றேன். எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பையனுக்கு நெற்றி ஏறிவிட்டது, அவன் அம்மா பந்தியில் இலையை மூடாமல் எழுந்து போனாள், அதையெல்லாம் நான் யாரிடமாவது சொன்னேனா? இல்லை. எனக்கு வருத்தம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

கல்யாணத்தில் அத்தைக்கு என்ன முறையோ அத்தனையும் செய்தேன். நலங்கு வைத்தேன். வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தேன். போட்டோவுக்கு மட்டும் நிற்கவில்லை. மேடையில் "அத்தை வாங்க, அத்தை வாங்க" என்று கூப்பிட்டார்கள். "இருங்க, பால் காயுது, இருங்க, பந்தியைப் பாக்கணும்" என்று ஒவ்வொரு முறையும் நழுவிவிட்டேன். மறுபடி வாசக்கால் ஆக எனக்கு இஷ்டமில்லை. அதற்காகத்தான். வேறு ஒன்றும் இல்லை.

முகூர்த்த நேரம். தட்டில் அட்சதை வந்தது, எல்லோரும் கை நிறைய எடுத்தார்கள், நானும் எடுத்தேன். மணவறைக்குப் பக்கத்தில் ஜெயசீலன் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தார். கேமரா பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துக் குனிந்திருந்தது. நான் அவருடைய ஸ்டூலுக்கு ஒட்டிப் பக்கவாட்டில் நின்றேன். வீடியோக்காரர் எதிர்ப்பக்கம். மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேர் கண்ணும் தாலியில். அதாவது, என்னைப் பார்க்க அங்கே ஒருத்தர்கூட இல்லை.

நீ வேலைக்குப் போகிற பெண். உனக்குத் தெரியுமோ என்னவோ. காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தால் கன்னம் வலிக்கும். கெட்டிமேளம் அடிக்கிற அந்த ஒரு நிமிஷம் முகத்தைக் கீழே இறக்கி வைத்தேன். தலைச்சுமையை இறக்கி வைக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

கேமராவில் அன்றைக்கு ஒரு லென்ஸ் இருந்தது அம்மா. கண்ணாடிக் குண்டு மாதிரி வெளியே புடைத்துக்கொண்டு. தவளைக்கு முழி இருக்குமே, அப்படி. அதற்கு மீன்கண் லென்ஸ் என்று பேராம். வாழ்நாளெல்லாம் மீன் வாங்கியிருக்கிறேன், எந்த மீனும் என்னை இப்படிப் பார்த்ததில்லை. அது எதிரில் இருப்பதை மட்டும் எடுக்காதாம். மேலே, கீழே, வலது, இடது, தோளுக்குப் பக்கத்தில் நிற்கிறவள்வரைக்கும் எடுக்குமாம். எடுத்து, மொத்த மண்டபத்தையும் சுருட்டி ஒரு வட்டத்துக்குள் போட்டுவிடுமாம். இது எனக்கு யார் சொன்னார்கள் அப்போது? ஒரு போர்டு வைத்தார்களா?

ஆல்பம் வந்தபோது எனக்கு உடம்பு சரியில்லை, போகவில்லை. பிறகு ஒரு நாள் போனேன். ஹாலுக்குள் நுழைகிறேன், சோபாவுக்கு எதிர்ச் சுவரில் பெரிதாகக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். வட்டமாக மண்டபம். தூண் எல்லாம் வில்லு மாதிரி வளைந்திருக்கிறது. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், கழுத்தில் தாலி ஏறுகிறது. காற்றில் அட்சதை மஞ்சள் மஞ்சளாக அப்படியே நிற்கிறது. சுற்றிலும் சொந்தக்காரர்கள் எல்லாம் கிணற்று மேட்டில் நின்று எட்டிப் பார்க்கிற மாதிரி. ஒரு பக்கம் என் பையன், இரண்டு கையையும் தூக்கி அட்சதையை வீசிக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரிக்கிறான். மனசுக்குள் அழுதுகொண்டே அப்படிச் சிரித்திருக்கிறான், அம்மாவுக்குத் தெரியாதா?

ஓரத்தில், வட்டம் முடிகிற இடத்தில், நான். வாழைப்பழம் மாதிரி வளைந்து. முகம் நீண்டு. கண் இரண்டும் அந்தப் பெண்ணை... எப்படிச் சொல்வது. நல்லவேளை நான் ஒன்றும் சொல்ல வேண்டாம், அண்ணன் பேரன் முறையில் ஒரு வாண்டு இருக்கிறான், அவன் சொல்லிவிட்டான்: "பாக்கியம் பாட்டி பேய் மாதிரி முறைக்குது!"

"லென்ஸ் அப்படி வளைக்கும்டா" என்றேன் நான். உடனே சொன்னேன். எல்லோரும் "ஆமா ஆமா, லென்ஸ்தான்" என்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "உனக்குப் பக்கத்துலயே அண்ணியோட தங்கச்சி நிக்கிறா. அவளும்தான் வளைஞ்சிருக்கா. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாளே" என்றார்.

"அவளுக்குப் பல்லு எடுப்பு" என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

எனக்கு ஏன் அவ்வளவு பதற்றம் என்று நீ கேட்கலாம். இளையவள் இருக்கிறாளே, இனியா. ஒன்று போனால் ஒன்று என்று நான் அவளை மனதில் வைத்திருந்தேன். அதைக் கேட்க வேண்டும் என்றால் அதே ஹாலில், அதே சோபாவில், அந்தப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். அந்த முகத்தை மாட்டி வைத்துக்கொண்டு இந்த முகம் எப்படிப் பெண் கேட்கும்?

ஜெயசீலன் ஸ்டூடியோவுக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. "தம்பி, அந்தப் படத்துல ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிடுங்க" என்றேன்.

"வட்டத்துல ஒரு ஓரத்தை வெட்டினா கடிச்ச அதிரசம் மாதிரி ஆயிடும்க்கா."

"அப்ப என் மூஞ்சியை மட்டும் மாத்துங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஆளையே மாத்துறாங்களாமே. ரேஷன் கார்டுக்கு எடுத்தது ஒண்ணு இருக்கு, கொண்டாந்திருக்கேன்."

அவர் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "இது நேரா எடுத்தது. அது வளைஞ்ச உடம்பு. வளைஞ்ச உடம்புல நேர் முகத்தை வெச்சா முகமூடி கட்டின மாதிரி இருக்கும். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். அதே லென்ஸைப் போடறேன், அதே மாதிரி ஓரமா நின்னு சிரிங்க. அந்தச் சிரிப்பை எடுத்து ஒட்டிடலாம்."

நின்றேன். இந்த வயதில், பவுடர் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலுக்குப் பக்கத்தில், யாரும் இல்லாத ஒரு நாற்காலியை மணப்பெண் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"சிரிங்க அக்கா."

சிரித்தேன்.

"வாய் சரி. கண்ணு வரல."

"கண்ணு எங்க போகும், இங்கதான் இருக்கு."

"கொஞ்சம் பிரியமா பாருங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்குத் தாலி ஏறுதுன்னு நெனைங்க."

நினைத்தேன். அவர் கேமராவிலிருந்து தலையை எடுத்து என்னை ஒரு முறை நேரில் பார்த்தார். "சரி வேண்டாம், அதை நெனைக்க வேண்டாம். வேற ஏதாவது நெனைங்க. உங்க பையன் சின்ன வயசு." மறுபடி, மறுபடி. அவருக்குக் கை வலித்திருக்கும். கடைசியில் எல்லாவற்றையும் திரையில் வரிசையாகக் காட்டினார். வாய் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருந்தது. கண் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது.

"லென்ஸ்தானே தம்பி" என்றேன்.

"ஆமாக்கா" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அங்கே விளக்கு வெளிச்சம் ஜாஸ்தி. கண் கூசியது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

வெளியே வந்து ரோட்டில் நின்றபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது பார்த்தார்களோ என்று இல்லை. அந்த நாற்காலிதான். காலி நாற்காலியைக்கூட என்னால் பிரியமாகப் பார்க்க முடியவில்லை என்று ஒரு வெளியாள் தெரிந்துகொண்டார்.

ஆடி வந்தது. சங்கவியை அழைத்து வந்திருந்தார்கள். புதுப்பெண்ணைப் பார்க்கப் போகிற சாக்கில் இனியாவைக் கேட்டுவிடுவது என்று நானும் பூ, பழம், தேங்காய்ப்பால் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். ஏதோ மாத்திரை போட்டவள் மாதிரிச் சுவரைப் பார்க்காமலே நடந்து போய் சோபாவில் உட்கார்ந்தேன். அண்ணி காபி கொடுத்தாள். எனக்கு முன்னால் அந்த வட்டம்.

"அந்தப் படத்தை ஏன் அண்ணி இங்க மாட்டினீங்க? வேற நல்ல படம் கிடைக்கலியா? என்னைக் கேலி பண்ணணும்னா நேராப் பண்ணலாமே." சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அண்ணி காபி டபராவைக் கீழே வைத்தாள். "நானா மாட்டினேன்? எனக்கு அந்த வளைஞ்ச படமே பிடிக்கல, தலை சுத்துது. உங்க அண்ணன்தான். ஆல்பம் பூராத் தேடினாரு. எதுலயும் நீ இல்ல. மேடைக்கு வந்தாத்தானே? 'என் தங்கச்சி இருக்கிற படம் இது ஒண்ணுதான், இதையே பெருசு பண்ணு'ன்னு சொல்லிட்டாரு."

காபி சூடாக இருக்கிறது என்றேன்.

அண்ணி அடுப்படிக்குப் போனதும் சங்கவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாலிக் கயிறு இன்னும் மஞ்சள் போகவில்லை. "அத்தை, ஜெயசீலன் அண்ணன்கிட்டப் போனீங்களாமே, சிரிக்க" என்றாள். கிண்டல்தான். ஆனால் மெதுவாகத்தான் சொன்னாள், அம்மாவுக்குக் கேட்காமல்.

"லென்ஸ் மூஞ்சியைக் கோணலாக் காட்டுதுடி. அதான்."

"காட்டட்டும் அத்தை. என் மாமனாரு அதுல சுரைக்காய் மாதிரி இருக்காரு. அவரு போயி சிரிச்சாரா?" கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஓரத்தில் விரலை வைத்தாள். முகத்தில் இல்லை. கீழே. என் கையில். லென்ஸுக்குக் கிட்டே இருந்ததால் கை தேங்காய் அளவுக்குப் பெரிதாக விழுந்திருந்தது. மூடியிருந்தது. சுற்றி எல்லோர் கையும் விரிந்திருக்கிறது, அட்சதை பறக்கிறது. என் கை மட்டும் மூடியிருக்கிறது.

நான் அதுவரைக்கும் என் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன் அம்மா. கையைப் பார்க்கவே இல்லை.

"மூஞ்சியை விடுங்க. லென்ஸ் கையை மூடாதுல்ல அத்தை?" என்றாள். அப்புறம் கேட்டாள்: "அந்த அட்சதையை என்ன பண்ணீங்க?"

சண்டை போட்டிருந்தால் நானும் பேசியிருப்பேன். எனக்கு வாய் இல்லையா? அவள் சண்டை போடவில்லை. காணாமல் போன ஒரு பொருள் எங்கே என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"போட்டேனே. நீ கவனிச்சிருக்க மாட்டே. படம் எடுத்த பிறகு போட்டிருப்பேன்" என்றேன்.

"சரி அத்தை" என்றாள்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. கை வேர்த்து அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குள் மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் போட்டு முடித்த பிறகு நான் ஒருத்தி தனியாகப் போட்டால் நன்றாகவா இருக்கும்? பந்திக்குப் போகும்போது கை கழுவுகிற இடத்தில் கழுவிவிட்டேன். கொஞ்சம் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. விரலால் தள்ளிவிட்டேன். மஞ்சள் கறை மட்டும் ரேகையில் இருந்தது. அந்தக் கையால்தான் பாயசம் சாப்பிட்டேன்.

அன்றைக்கு இனியாவைக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? பழத்தைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அண்ணன் தெருமுனைவரைக்கும் வந்து, "என்ன பாக்கியம், ஏதோ பேசணும்னு வந்த மாதிரி இருந்துச்சே" என்றார். "ஒண்ணுமில்லண்ணா" என்றேன்.

தினகரனுக்குப் போன் பண்ணி அழுதேன். அவன், "அம்மா, சங்கவியும் சரி, இனியாவும் சரி, எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா. நான் என்னைக்காவது கேட்டேனா? அந்தக் கல்யாணத்துல நான் நல்லாச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி, சந்தோஷமாத்தான் ஊருக்கு வந்தேன்" என்கிறான். என்னைத் தேற்றுவதற்காக எப்படியெல்லாம் சொல்கிறான் பார். தங்கமான பிள்ளை.

நாளைக்கு இனியாவுக்குக் கல்யாணம். அதற்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன். அவரும் தினகரனும் காலையில் வருவார்கள். மாப்பிள்ளை ராசிபுரம். என்னிடம் இந்த முறையும் சொன்னார்கள். போட்டோ அதே ஜெயசீலன். "அந்த வட்டப் படம் இதுலயும் ஒண்ணு வேணும்" என்று அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டாராம். இரண்டையும் ஜோடியாக மாட்டப்போகிறாராம்.

எங்கே நின்றாலும் அந்த மீன்கண் பார்க்கும். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றால் பார்க்கும், தூணுக்குப் பக்கத்தில் நின்றாலும் பார்க்கும். ஜெயசீலன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கலாம் என்று யோசித்தேன். ஆனால் பெண்ணுக்குச் சொந்த அத்தை போட்டோக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றால் ஊர் என்ன பேசும்? போகாமலே இருந்துவிட்டால் தாய்வீடே இல்லை என்று ஆகிவிடும். அது மட்டும் என்னால் முடியாது.

அதனால்தான் முந்தாநாள் துறையூர் பஸ் ஸ்டாண்டில் இந்தக் கண்ணாடியை வாங்கினேன். பார், பக்கவாட்டிலும் மறைக்கிறது. ஆபரேஷன் ஆனவர்கள் போடுவது. முதலில் கடைக்காரன் ஒன்று காட்டினான், அது முன்னால் மட்டும்தான் மறைத்தது. அது எனக்கு எதற்கு? அண்ணிக்குப் போன் பண்ணி, "கண்ணுல சின்ன ஆபரேஷன், வெளிச்சம் படக்கூடாதாம்" என்று சொல்லிவிட்டேன்.

"ஐயோ பாக்கியம், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், வந்து உட்காந்தாப் போதும்" என்றாள்.

கண்ணாடி கண்ணுக்குத்தான். கைக்கு? நேற்று முழுக்க அதையே யோசித்தேன். போடுகிற மாதிரிக் கையைத் திறந்து வைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் கை என் பேச்சைக் கேட்குமோ கேட்காதோ. ஒரு முறை கேட்கவில்லை. ராத்திரி மறுபடி அண்ணிக்குப் போன் பண்ணினேன்.

"இல்லை அண்ணி, நான் சும்மா உட்கார மாட்டேன். அட்சதைத் தட்டை நான் எடுத்துக்கிட்டு வர்றேன். எல்லாருக்கும் நானே கொடுக்கறேன்" என்றேன்.

அண்ணி அதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் போனை வாங்கி, "கண்ணு சரியில்லாதப்பக்கூட நம்ம பாக்கியம் பாரு" என்று யாரிடமோ சொன்னது கேட்டது. அடுப்பில் ஏதோ கருகுது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பெரிய பித்தளைத் தட்டு, இரண்டு கையாலும் பிடித்தால்தான் நிற்கும். நான் போய் ஒவ்வொருத்தர் முன்னாலும் நீட்டுவேன், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். மேளம் அடிக்கும்போதும் தட்டு என் கையில்தான் இருக்கும். தட்டு தூக்குகிறவள் அட்சதை போட வேண்டியதில்லை பார்.